தொப்பிக்குள் உப்பு

அவருடைய கைக்குட்டை சட்டைப்பையில் நான்காக மடித்தபடியே இருக்கும். மூன்று வருடம் ஒரே ஆபீஸில் எதிரெதிர் மேசைகளில் உட்கார்ந்திருந்தோம். அது விரிந்து நான் பார்த்ததில்லை. என்னுடையது காலை எட்டு மணிக்கே பிழிய வேண்டிய நிலைக்கு வந்துவிடும்.

மலாக்காவில் மெர்லிமாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பதால் அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ உப்போ போகக்கூடாது. பிடிபட்டால் வழக்கு, வக்கீல் எதுவும் கிடையாது. உள்ளே வைப்பார்கள்; பிறகு சொந்த நாட்டுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

அவர் சிலோன்காரர், தோட்டக் கணக்கெழுதும் இரண்டாம் கிராணி. நான் மூன்றாம் கிராணி. அவர் என்னைவிட நாலு வயது மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். எங்களுக்குக் கொடுத்திருந்தது இரட்டை வீடு. நடுவில் ஒரு பலகைச் சுவர்; அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் என் மனைவியும்.

ரப்பர் மரம் வருடத்துக்கு ஒரு முறை மொட்டையாகும். மாசி வாக்கில் இலை பழுத்து உதிரும். பிறகு தளிர் வரும். தளிரோடு பூவும் வரும். பூ சின்னது, வெளிர்மஞ்சள், பார்க்க ஒன்றும் இல்லை. அது உதிர்க்கும் தூள் மட்டும் சைக்கிள் சீட்டிலும் பேரேட்டின் மேலும் படியும். பெரும்பாலானவர்களுக்கு அது பால் குறைகிற காலம், அவ்வளவுதான். எனக்கு அது தும்மல் காலம். பொழுது விடியும்போது தொடங்கினால் பத்து மணிவரை விடாது. கண் சிவந்து, மேல் வாய் அரித்து, காது அடைத்து, பேசினால் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். பால்வெட்டும் பெண்கள் எனக்குத் தும்மல் கிராணி என்று பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் நான் பேர் கூப்பிடும்போது, நடுவில் நான் தும்முகிற இடம் பார்த்து, அதுதான் தன் பேர் என்பதுபோல் ஒருத்தி, "வந்தேன் சாமி!" என்பாள். கூட்டம் சிரிக்கும்.

அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

அந்த வருடம் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனுக்குப் பொறுப்பாக ஒரு கிராணியை அனுப்ப வேண்டியிருந்தது. தனி வீடு, மோட்டார் சைக்கிள், தோட்ட மானேஜரான துரையோடு நேரே பேசுகிற உரிமை. ஆனால் அது காட்டோரம். துப்பாக்கி பிடித்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நாலு பேரோடு, சத்தமில்லாமல், அரைமணி நேரம் புதர்ப் பாதையில் நடந்து போக வேண்டும். போட்டியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு மலாய் அவரைவிட நன்றாக வரும். கணக்கிலும் நான் குறைந்தவன் இல்லை. காவலர்களின் கார்ப்பரல் துரையிடம் போய், என்னைக் காட்டி மலாயில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்: "துவான், இந்த ஆள் ஒரு தும்மல் போட்டால் நாங்கள் ஐந்து பேரும் காலி."

துரை சிரித்தார். பூக்காலம் முடியட்டும், பார்ப்போம் என்றார். அது மரியாதைக்குச் சொன்னது.

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதுவரை அவரைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஒருவர் மேல் பொறாமை வந்துவிட்டால் அவரைப்பற்றி நமக்குத் தெரியாதது எதுவும் இருக்கக்கூடாது என்று தோன்றிவிடுகிறது.

கவனித்ததில் தெரிந்தவை. பூக்காலத்து ஆறு வாரமும் அவர் வீட்டுச் சன்னல்கள் விடிவதற்கு முன்பே மூடிவிடும். வெயில் ஏறி, மரங்கள் ஓய்ந்த பிறகு நடுப்பகலில் கொஞ்ச நேரம் திறக்கும். வேலைக்காரப் பையன் வைத்துக்கொள்ளவில்லை. தரையை அவரே துடைத்தார். துடைப்பம் எடுத்ததே இல்லை, ஈரத்துணிதான். வேலையிலிருந்து வந்ததும் சட்டையையும் காற்சட்டையையும் பின்வாசலிலேயே கழற்றி வாளித் தண்ணீரில் போடுவார். அங்கேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். துவைத்த துணி வெளியே கொடியில் தொங்கியதில்லை, அடுப்படியில் காயும். வெளியே போனால் அகலமான தொப்பி, பக்கம் மறைத்த கறுப்புக் கண்ணாடி. ஆபீஸில் தன் மேசையை மரங்களைப் பார்த்த சன்னலிலிருந்து எடுத்து, ரோட்டைப் பார்த்த மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். காலியான அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

ஒருநாள் கேட்டேன். "ஏன் அண்ணே, இந்தப் புழுக்கத்துல சன்னலெல்லாம் சாத்தி வெச்சிருக்கீங்க?"

"பழக்கம் காணும்."

"துணி அடுப்படியில காயுது?"

"அதுவும் பழக்கம்தான்."

"தும்மல் கிம்மல் உண்டா?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒரு நோயும் இல்லை. நீர் உம்மட மூக்கைத் துடையும். பேரேட்டில விழப்போகுது."

என் மனைவிக்கு அவர் ஒரு அளவுகோல் ஆகிவிட்டார். அவள் டுரியான் துங்கால் பக்கத்துப் பெண், நேராகப் பேசுவாள். "பக்கத்து வூட்டு ஐயாவப் பாருங்க. உள்ளே நுழைஞ்சா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குலா. நீங்க வேல செஞ்ச சட்டையோட வந்து தலகாணியில தல வைக்கிறீங்க. அதுல பாதி மரம் இருக்கு."

"அவருக்கு வேற வேலை இல்ல."

"உங்களுக்கும் அதே வேலதான்."

அவள்தான் முதலில் பாலாடையைப் பார்த்தவள். முறுக்கு கொடுக்கப் போனபோது அவர் அடுப்படித் தட்டில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிப் பாலாடை கவிழ்த்து வைத்திருந்ததாம். "கல்யாணமாவாத மனுஷன் வூட்டுல பாலாடைக்கு என்ன வேலைங்க?" என்று வந்து கேட்டாள். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவருக்கு எங்கோ ஒரு குடும்பம் இருக்கிறது, மறைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதல் பஸ்ஸைப் பிடித்து மலாக்கா டவுனுக்குப் போய், ஊரடங்குக்கு முன் திரும்புவது அதற்குப் பொருந்தி வந்தது. பூக்காலத்தில் மட்டும் போவார் என்பது பொருந்தவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நானும் டவுனுக்குப் போனேன். அவர் அங்கிருந்து வேறு பஸ் ஏறியதைப் பார்த்து, அதற்கடுத்த பஸ்ஸில் நானும் கிளேபாங் போய் இறங்கினேன்.

கடற்கரையில் மீன் காயப்போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி, தலைகீழாகக் கவிழ்த்திருந்த ஒரு படகின் மேல் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. கண்ணாடியும் தொப்பியும் பக்கத்தில் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. கடலைப் பார்த்தபடி, கண்ணை மூடி, வாயை மூடி, மூக்கால் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டார். ஜெயிலிலிருந்து ஒரு நாள் விடுதலை கிடைத்தவர்கள் அப்படித்தான் மூச்சு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் கவனித்தேன்: என் மூக்கும் திறந்திருந்தது. டவுன் தாண்டியதிலிருந்து நான் ஒரு முறைகூடத் தும்மவில்லை. கடலிலிருந்து வந்த காற்றில் ரப்பர் பூ இல்லை.

அவருக்கும் இதே நோய்தான். என்னைவிடக் கடுமையாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவன் நான். அவரும் என்னைப்போல் ஒரு தும்மல் கிராணி. ஆனால் மனம் அதிகம் கொதித்தது. நல்ல மூக்கோடு பிறந்த மனிதரிடம் தோற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. என்னுடைய மூக்கையே வைத்துக்கொண்டு என்னை ஜெயிப்பவரை என்ன செய்வது?

அவர் கண் திறப்பதற்குள் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பலகைச் சுவரில் மரக்கண்ணு விழுந்து ஓர் ஓட்டை இருந்தது. அதில் என் மனைவி பழைய துணி அடைத்து வைத்திருந்தாள். மறுநாள் விடியற்காலை அந்தத் துணியை எடுத்தேன். செய்யக்கூடாத காரியம்தான். அவர் வாளிக்கு மேல் குனிந்து நின்றார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாலாடையிலிருந்து ஒரு மூக்கில் தண்ணீர் விட்டார். அது மறு மூக்கு வழியாக இறங்கியது. முந்தின இரவு அந்தப் பக்கம் தண்ணீர் கொதித்த சத்தம் கேட்டிருந்தது; ஆறிய அந்தத் தண்ணீர்தான், பக்கத்தில் உப்புக் கிண்ணம். மறு பக்கமும் சாய்த்து அதேபோல் செய்தார். பிறகு மூக்குத் துவாரத்தின் விளிம்பில் விரல் நுனியால் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். முகம் துடைத்து, கைக்குட்டையை நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்தார்.

அந்த வாரமே நானும் ஆரம்பித்தேன். சன்னல், ஈரத்துணி, தலைக்குத் தண்ணீர், உப்பு நீர் எல்லாவற்றையும். என் மனைவி காரணம் கேட்கவில்லை. பாலாடைக்குப் பதிலாக மூக்கு வைத்த சிறிய தேநீர்க் கெண்டியை எடுத்துக் கொடுத்தாள். பாதிக்கு மேல் குறைந்தது. இரவில் வாயை மூடித் தூங்கினேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் போடவில்லை. போட்டால் அவரைப் பார்த்துப் போட்டது தெரிந்துவிடும். அதனால் காலைப் பெரட்டில், மரத்தடியில் நிற்கிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் பழையபடி தும்மிக்கொண்டிருந்தேன்.

இது நடந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலை கேட்டில் புது போலீஸ் அதிகாரி வந்து நின்றார். வெள்ளைக்காரர், இளவயது. அதுவரை தொழிலாளிகளைத்தான் தடவிப் பார்ப்பார்கள். கிராணிகளுக்குச் சோதனை கிடையாது. கேட்டைத் தாண்டுகிற எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று புதியவர் உத்தரவு போட்டார். துரையும் காரிலிருந்து இறங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேர் புத்தகத்தோடு கேட்டருகே நின்றிருந்தேன்.

இரண்டாம் கிராணியைத் தொப்பி கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். சார்ஜெண்ட் தொப்பியின் உட்பட்டையைப் புரட்டினார். எண்ணெய்க் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம் கீழே விழுந்தது. சார்ஜெண்ட் பிரித்து, விரலில் தொட்டு, நாக்கில் வைத்தார்.

"காராம், துவான்," என்றார். உப்பு.

வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

மரங்களுக்கு நடுவே ஒன்பது மணி வாக்கில் பூத்தூள் உச்சத்தில் இருக்கும். அப்போது ஓடையோரம் ஒதுங்கி இன்னொரு முறை மூக்கைக் கழுவிக்கொள்ள அவர் அதைக் கொண்டுபோகிறார் என்பது எனக்கு அந்த நொடியே புரிந்தது. அவர் தோளில் தொங்கிய பாட்டிலில் இருந்தது ஆறவைத்த தண்ணீர். கையில் வைத்துக்கொண்டு காரணம் சொல்லியிருந்தால் ஒருவேளை திட்டி அனுப்பியிருப்பார்கள். தொப்பிக்குள் ஒளித்ததுதான் அதைக் குற்றமாக்கிவிட்டது. அவர் ஒளித்தது போலீஸுக்குப் பயந்து இல்லை. எங்களுக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்தார்.

"இது எதற்கு?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு பழக்கம், சார்," என்றார் அவர், அழகான ஆங்கிலத்தில்.

"காட்டில் இருப்பவர்களுக்கு உப்பு கொடுக்கிற பழக்கமா?"

அவர் துரையைப் பார்த்தார். துரையின் முகம் மாறியிருந்தது. மூக்கு நோய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் மூன்றாம் டிவிஷன் போய்விடும். சொல்லாவிட்டால் எல்லாமே போய்விடும். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். சார்ஜெண்ட் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன்; விலங்கின் ஒரு வளையம் திறந்து, அவர் மணிக்கட்டுக்கு வருகிற நேரம். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது பயமோ பதற்றமோ இல்லை. மோட்டார் சைக்கிள் ஓடியது. அதன் நிறம்கூட எனக்குத் தெரிந்தது.

அப்புறம் தும்மல் வந்தது. அடக்கிப் பார்த்தேன். புத்தகத்தால் முகத்தை மூடிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. கண்ணில் நீர் வழிந்தது. வரிசையில் முதலில் நின்ற மூத்த பால்வெட்டுக்காரி ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"அந்த உப்ப இந்தக் கிராணியாருக்குக் குடுங்க ஐயா! மூக்குல போட்டு அடைக்கட்டும். காது வலிக்குது!"

பயந்திருந்த கூட்டம் அதனாலேயே அதிகமாகச் சிரித்தது. சார்ஜெண்டுக்குத் தமிழ் தெரியும். அவரும் சிரித்தபடி அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"இது அவருக்காகவா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

ஒரு மூச்சு நேரம் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

"ஆமாம், சார். அவருக்காகத்தான். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினால் அவருக்குத் தும்மல் குறையும்."

"அதை அவரே கொண்டுபோகக் கூடாதா?"

"மறந்துவிடுவார், சார். கவனம் இல்லாத ஆள்."

அதிகாரி என் பக்கம் வந்தார். "இவர் சொல்வது உண்மையா?"

துரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று நான் சொன்னால் இரண்டாம் கிராணி உள்ளே. ஆமாம் என்றால் நான் வாழ்நாள் முழுக்கத் தும்மல் கிராணி, அதுவும் துரையின் முன்னால் என் வாயாலேயே. இரக்கப்பட்டுத்தான் சொன்னேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு வாரமாக நான் நிம்மதியாகத் தூங்கியது அவரிடமிருந்து திருடிய வித்தையால். யாரிடம் திருடினேனோ அவரையே காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

"உண்மைதான், சார்," என்றேன்.

அதிகாரி நம்பவில்லை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டார். சொன்னேன். பச்சைத் தண்ணீர் கூடாது, கொதிக்க வைத்து ஆற வேண்டும் என்றேன். தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்த மூக்கில் விடுவது, கடைசியில் எண்ணெய் தடவுவது எல்லாவற்றையும் கேட்டருகே நின்று, நடுநடுவே தும்மியபடி, செய்து காட்டினேன். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். துரை தலையைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் துரையின் தோள் குலுங்கியது. அந்தப் பாட்டில் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அதிகாரி உப்பை மண்ணில் கொட்டி, பூட்ஸால் தேய்த்தார். இனி ஒருமுறை நடந்தால் இரண்டு பேரையும் தூக்கிவிடுவேன் என்றார்.

இரண்டாம் கிராணி தொப்பியைத் தட்டி, தலையில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குத் துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மூன்றாம் டிவிஷன் அவருக்கு என்றார். கூட வேலை செய்பவனுக்காக இவ்வளவு ஆபத்தை எடுக்கிறவர்தான் அந்த மாதிரி இடத்துக்குத் தேவை என்றும் சொன்னார். என் தோளைத் தட்டி, டவுனில் நல்ல டாக்டரைப் பார்க்கும்படி சொன்னார்.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே சேதி போயிருந்தது. என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்காக அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போகப் பார்த்தாராமே. ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"அப்படியில்ல. அது வந்து..."

"எப்படியில்ல? லயம் பூரா அதே பேச்சு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்வானாலா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் அதைச் சொல்வாள். அங்கிருந்து அது கேட்டுக்குப் போகும். வாயை மூடிக்கொண்டேன். அவள் அந்த வாரத்து ரேஷன் சர்க்கரை முழுவதையும் போட்டுச் சேமியா பாயசம் வைத்தாள். பித்தளைத் தூக்கில் ஊற்றி, சூடு போகாமல் துணி சுற்றி, என் கையில் கொடுத்தாள். "வாயத் தெறந்து நன்றின்னு சொல்லுங்க. சொல்லாம வந்தீங்கன்னா தெரியும்," என்றாள். நான் சொல்கிறேனா என்று பார்க்க எங்கள் வாசல்படியில் வந்து நின்றுகொண்டாள்.

பத்து எட்டு தூரம். கதவைத் தட்டினேன். அவர் தலை துவட்டியபடி வந்து திறந்தார். உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வீட்டுல குடுத்துட்டு வரச் சொன்னாங்க," என்றேன். பிறகு, பின்னால் கேட்கிற மாதிரி, "ரொம்ப நன்றி அண்ணே," என்றேன்.

அவர் தூக்கை வாங்கிக்கொண்டார். நான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி இல்லை. ஒரு சின்ன வெட்கம், ஒரு கேலி, கண்ணால் ஒரு நன்றி, ஏதாவது இருக்கும் என்று தேடினேன். எதுவும் இல்லை. அவர் நடிக்கவில்லை. காலையிலிருந்து மாலைக்குள் அவர் அதை நம்பிவிட்டிருந்தார்.

"அதுக்கென்ன," என்றார். "ஆனா இனிமேல் உம்மட சாமானை நீரே கவனமா வைச்சுக்கொள்ளும். எல்லா நேரமும் நான் நிண்டு உம்மைக் காப்பாத்தேலாது."

பின்னால் என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி அண்ணே," என்றேன்.